பொழுதறிந்து எழுதுதல்: கவிதையில் இயற்கையையும் மாற்றத்தையும் குறியீடாக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

பத்தொன்பது வயதில் நான் எழுதிய கவிதை ஒன்றில் இலையுதிர்காலம் வந்திருந்தது. மட்டக்களப்பு வாவி என்ற கடற்கழிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வாழ்நாள் முழுவதும் வேளாண்மை செய்த என் பெரியப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டவர், "அது எந்த மாசம் மனே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் வீட்டு வளவில் நின்ற வேம்பு எப்போது இலை கொட்டுகிறது என்பதைக் கூட நான் கவனித்திருக்கவில்லை. பாடப்புத்தகத்திலும் திரைப்பாட்டிலும் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி வந்துதான் என் துயரத்தின் மேல் போட்டு வைத்திருந்தேன்.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இயற்கைப் பொருள் ஒன்று கவிதையில் மனித வாழ்வின் மாற்றத்தைச் சுமக்க வேண்டுமானால், முதலில் அந்தப் பொருளிலேயே அந்த மாற்றம் உண்மையாக நிகழ வேண்டும். அது நிகழும் மாதமும் நிகழும் விதமும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எழுதத் தொடங்குபவர்களுக்கானவை என்றாலும், வாசிப்பதற்கும் அவையே உதவும். எடுத்துக்காட்டுகளை இலங்கையின் கிழக்கே உள்ள மட்டக்களப்பு, அம்பாறை நிலத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். வேறு ஊரிலிருந்து வாசிப்பவர்கள் அந்தந்த இடத்தில் தங்கள் ஊரை வைத்துக்கொள்ளலாம்.

முதற்படி: பொழுதைக் கணக்கெடுத்தல்

தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது இரண்டே இரண்டை: நிலம், பொழுது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய அக உணர்வுகள் உரிப்பொருள். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தவர்கள் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று, மரமும் பறவையும் முதல் வரிசையில் இல்லை என்பதாகும். அவை நிற்பதற்கு ஓர் இடமும் ஒரு காலமும் முன்கூட்டியே வேண்டும். மரம் என்று எழுதினால் எந்த மாதத்து மரம் என்ற கேள்வி கூடவே எழுகிறது. பெரியப்பா தொல்காப்பியம் படித்தவரல்லர். ஆனால் அவர் கேட்டது முதற்பொருளை.

பழைய இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்கிறது. முல்லைத் திணையின் தலைவி மேகத்தைப் பார்த்துத் தலைவனுக்காகக் காத்திருப்பது அப்போதுதான். அந்தக் கணக்கை அப்படியே மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் கவிதை தடுமாறும். ஆவணியில் இங்கே மேகம் இல்லை. வைகாசி கழிந்த பின் வீசத் தொடங்கும் கச்சான் காற்று அப்போதும் ஓயாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். அதே தென்மேல் காற்றுத்தான் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது எங்களிடம் வெறுங்கையோடு, சூடாக வந்து சேருகிறது. எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கார்த்திகை, மார்கழி, தை ஆகியவைதான் எங்கள் மாரி. ஆகவே இங்கே ஒருத்தி மழையைப் பார்த்துக் காத்திருந்தால் அவள் காத்திருப்பது கார்த்திகையில்.

ஒரு கொப்பியை எடுத்து உங்கள் ஊரின் ஆண்டை எழுதுங்கள். என்னுடைய கொப்பியில் உள்ளது ஏறத்தாழ இப்படி இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் பெரும்போகம் எனும் மாரிகால நெல்லின் விதைப்பு. எங்கள் பக்கம் பெரும்பாலும் விதைப்புத்தான். நாற்று நடும் பெண்களின் வரிசை தமிழ்நாட்டுப் படங்களிலிருந்து எங்கள் கவிதைக்குள் வந்து குடியேறிய ஒன்று. கார்த்திகையில் வாவி ஏறும். மார்கழியில் வட்டைகள், அதாவது வயல்வெளிகள், நீருக்குள் நிற்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை அறுவடை. சித்திரையில் கொன்றை பூக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில்களில் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும். பிறகு கச்சான். ஆவணியில் சிறுபோகம் எனும் கோடைகால நெல்லின் அறுவடை. நீர்ப்பாசனம் இல்லாத மேட்டு நிலத்தில் அதுவும் இல்லை. இதை நூலகத்தில் தேட வேண்டாம். மீன்பிடிக்கும் ஒருவர், வேளாண்மைக்காரர் ஒருவர், வீட்டில் இருக்கும் அம்மம்மா ஆகிய மூவரிடம் கேட்டால் ஒரு மாலைக்குள் கிடைத்துவிடும்.

சூரியனையும் கணக்கெடுக்க வேண்டும். கிழக்குக் கரையில் நின்று, மாலையில் கடலுக்குள் சூரியன் மூழ்குவதாக எழுதிய கவிதைகளைக் கவியரங்குகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் கடலில் சூரியன் எழும். விழுவது வாவிக்கும் வயலுக்கும் அப்பால். அதனால்தான் வாவியின் இரு பக்கங்களுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வந்தது. இரண்டு பெயர்களுமே பொழுதிலிருந்து பிறந்தவை. நிலத்தின் பெயரிலேயே ஒரு நாளின் தொடக்கமும் முடிவும் வைக்கப்பட்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டு கடன் வாங்கிய அந்தி எதற்கு? மாலையில் கல்லடிக் கடற்கரையில் நிற்பவரின் நிழல் கடலை நோக்கி நீண்டு செல்லும். போனவர்களைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அந்த நிழல் ஒன்றே போதும்.

இரண்டாம் படி: மாற்றத்தின் வகையைப் பிரித்தறிதல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான கவிதைகள் தவறுகின்றன என்பது என் எண்ணம். ஆகவே இதில் சற்று நேரம் நிற்கிறேன்.

இயற்கையில் நிகழும் எல்லா மாற்றமும் ஒரே வகை அல்ல. ஒரு வகை, போய்த் திரும்பி வருவது. வாவி நீர் கோடையில் உப்பேறும். மாரியில் ஆறுகளும் வாய்க்கால்களும் கொண்டுவரும் நன்னீரால் உப்பு இறங்கும். மறு ஆண்டும் அப்படியே. முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டி வாவியின் வாயை அடைக்கும். வெள்ளம் வரும்போது அதை வெட்டி விடுவார்கள். பிறகு கடல் மீண்டும் மணலைக் கொண்டுவந்து போடும். வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் தலைமுறை தலைமுறையாக நடப்பது இதுவே. போகமும் நிலவும் இந்த வகை.

இன்னொரு வகை, திரும்பாதது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்து போன பிறகு மட்டக்களப்பின் தென்னந்தோப்புகள் நிலத்தோடு கிடந்தன. அதே இடத்தில் பிறகு தென்னை வளர்ந்தது உண்மை. ஆனால் அவை வேறு தென்னைகள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறியபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டக் கரையில். அந்தக் கடல் அன்றே தன் எல்லைக்குத் திரும்பிவிட்டது. அது கொண்டு போனவை திரும்பவில்லை. ஒரே நீர் திரும்பும் மாற்றத்தையும் திரும்பாத மாற்றத்தையும் ஒரே காலையில் காட்டியது.

மூன்றாவது வகை, ஒன்று இன்னொன்றாக ஆவது. நெல்லைப் பாருங்கள். முளை, பயிர், குடலை, கதிர் என்று வயலில் அதன் பெயர் மாறும். அறுத்து அடுக்கினால் சூடு. களவெட்டி என்ற களத்தில் சூடடித்துக் குவித்தால் பொலி. வீட்டுக்கு வந்தால் மீண்டும் நெல், குற்றினால் அரிசி, உலையில் விழுந்தால் சோறு. ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் அதற்கு முன் இருந்தது அழிகிறது; ஆனால் யாரும் அழுவதில்லை. திருமணமாகிப் போகும் மகளையோ, ஊரை விட்டு நகரத்துக்குப் போய் வேறு ஆளாக வரும் மகனையோ எழுதும்போது இந்த வகை கை கொடுக்கும்.

இப்போது தவறுக்கு வருகிறேன். திரும்பாத இழப்பை எழுத உட்காரும் கவிஞர், திரும்பி வரும் பொருளைக் குறியீடாக எடுத்துவிடுகிறார். அந்தக் கடல்கோளுக்குப் பின் வந்த எத்தனையோ கவிதைகள் "மீண்டும் வசந்தம் வரும்" என்ற பாங்கில் முடிந்தன. குழந்தையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயிடம் போய், பூ மறுபடியும் பூக்கும் என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. எழுதியவருக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை என்பதும் உண்மை. குறியீடு அவரை ஏமாற்றிவிட்டது. இதற்கு மறுதலையான தவறும் உண்டு: ஒரு சிறு மனத்தாங்கலுக்குச் சூறாவளியை அழைப்பது. எழுதத் தொடங்கும் முன் கொப்பியில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். நான் எழுதப்போகும் மனித மாற்றம் திரும்பக்கூடியதா, திரும்பாததா, வேறொன்றாக ஆவதா என்பது முதல் வரி. நான் எடுத்திருக்கும் இயற்கைப் பொருளின் மாற்றம் எந்த வகை என்பது இரண்டாம் வரி. இரண்டும் பொருந்தவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள். பொருந்தாமையைத் தெரிந்தே வைத்து அந்த முரணையே கவிதையாக்குவதும் முடியும். ஆனால் அது தெரிந்து செய்வது.

இந்த மூன்றுக்கும் வெளியே, மாற்றம் நிகழ வேண்டும் என்று பாடுவதும் எங்கள் மரபில் உள்ளது. வைகாசியில் வெயில் உச்சத்தில் நிற்கும்போது, மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தைத் தணிக்கக் குளிர்த்தி பாடுகிறார்கள். பாட்டுக்குள் தணிவது அம்மனின் சீற்றம். பாடுகின்றவர்களின் உடம்பைச் சுடுவது அந்த மாதத்து வெயில். அவர்கள் வேண்டுவது மழையும் நோயற்ற வாழ்வும். நிலத்தின் வெக்கையும் தெய்வத்தின் சினமும் ஊரின் அச்சமும் "குளிர்" என்ற ஒரே சொல்லுக்குள் வந்து சேருகின்றன. குறியீடு என்பது அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒரு வைகாசியில் தம்பிலுவில் பக்கமோ செட்டிபாளையம் பக்கமோ போய் அதைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

மூன்றாம் படி: பாதியைச் சொல்லாமல் விடுதல்

தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று ஒன்றைச் சொல்கிறது. உவமையின் இயற்கைப் பக்கத்தை மட்டும் சொல்லி, அது எதற்கு ஒப்பு என்பதைக் கேட்பவரே கண்டுகொள்ள விட்டுவிடுவது அது. குறுந்தொகையின் எட்டாம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவனின் மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை பேசுவது. வயலோரத்து மாமரத்தில் முற்றி விழுகின்ற இனிய பழத்தைப் பொய்கையின் வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரை உடையவன் என்று அவள் தலைவனை அறிமுகப்படுத்துகிறாள். அவ்வளவுதான். மேலோட்டமாகப் பார்த்தால் ஊர் வளத்தைச் சொல்லும் அடைமொழி. ஆனால் வாளை மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவும் இல்லை. பழம் தானாக முற்றித் தானாக விழுந்தது. மீன் இருந்த இடத்தில் இருந்தே வாயைத் திறந்தது. நான் அவனை மயக்கவில்லை, அவன்தான் வந்து விழுந்தான் என்று அவள் தன் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது வெறும் சண்டை. சொல்லாததால் கவிதை.

வயலும் குளமும் அடுத்தடுத்துக் கிடக்கும் சம்மாந்துறையிலோ மண்டூரிலோ பிறந்தவருக்கு இந்தக் காட்சி விளக்கம் இல்லாமலே விளங்கும். ஆகவே இந்தப் படியின் பயிற்சி எளிது. நீங்கள் எழுதிய கவிதையில் "போல", "என் வாழ்க்கை", "என் மனம்", "காலம்" ஆகிய நான்கையும் அடித்துவிட்டு மறுபடியும் வாசியுங்கள். கவிதை அப்போதும் நின்றால் குறியீடு வேலை செய்கிறது. விழுந்துவிட்டால் அது இதுவரை அந்த நான்கு சொற்களின் முதுகில் ஏறி வந்திருக்கிறது என்று பொருள்.

வெளிப்படையாகச் சொல்லியும் வெல்லலாம் என்பதற்குக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் "வெள்ளைநிற மல்லிகையோ" பாடல் சான்று. இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு, கண்ணால் காணும் பூக்களை ஒவ்வொன்றாக அல்ல என்று ஒதுக்கி, உள்ளம் என்ற கமலம், கூப்பிய கை என்ற காந்தள், விழி என்ற நெய்தல் என்று அவர் விடை தருகிறார். இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் பாட்டு நிற்பதற்குக் காரணம் அவர் தேர்ந்த பூக்களின் உருவம். குவிந்த விரல்களின் வடிவம் காந்தள் அரும்புக்கு உண்டு. கண்ணுக்கு நெய்தல் பழைய உறவு. புறத்திலிருந்து அகத்துக்கு நகரும் அந்த மாற்றம் சொல்லில் மட்டுமல்லாமல் பூவின் இதழிலும் இருக்கிறது.

நான்காம் படி: யாருடைய கண் பார்க்கிறது என்று முடிவுசெய்தல்

குறியீட்டுக்கு ஒரே பொருள் உண்டு என்று எண்ணுவது பரீட்சை வினாத்தாள் கற்றுத்தந்த பழக்கம். கொன்றை என்றால் கார்காலம், காகம் கரைந்தால் விருந்து, மேகம் என்றால் வரவு என்று அட்டவணை போட்டுப் படித்தவர்களுக்குக் குறுந்தொகையின் இரண்டு பாடல்கள் நல்ல மருந்து. இரண்டிலும் நடப்பது ஒன்றே. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. ஆனால் கொன்றை பூத்துவிட்டது.

அறுபத்தாறாம் பாடலில் தோழி, "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை" என்று மரத்தைத் திட்டுகிறாள். இந்தப் பெரிய மரம் அறிவற்றது. பருவம் தவறிப் பெய்த வம்ப மாரியைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. அவர் சொன்ன காலம் இன்னும் வரவில்லை என்று தலைவியைத் தேற்றுகிறாள். இருபத்தொன்றாம் பாடலில் தலைவியே பேசுகிறாள். கொன்றைக் காடு இது கார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். பூத்த மரம் கண்முன் நிற்கிறது. ஒருத்தி தேற்றுவதற்காக மரத்தைப் பொய்யாக்குகிறாள். மற்றவள் நம்பிக்கைக்காகக் கண்ணால் கண்டதை மறுக்கிறாள். இருவருக்கும் உண்மை தெரியும் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது. மாற்றம் வந்துவிட்டது என்று இயற்கை சொல்லும்போது மனிதர் அதை ஏற்காமல் வாதாடுவதில்தான் இங்கே குறியீட்டின் வலு இருக்கிறது.

எங்கள் பக்கம் கொன்றை சித்திரை, வைகாசி வெயிலில் மஞ்சளாகத் தொங்குவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, சங்கப் பாடலின் கார்காலக் கொன்றை நெடுநாள் குழப்பமாகவே இருந்தது. அந்தக் குழப்பத்தை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டது ஒன்று: கல்முனை வீதியில் கொன்றையை வைத்து இன்று ஒருவர் எழுதினால், அவர் எழுத வேண்டியது மழையின் வரவை அல்ல, ஊரே காய்ந்து கிடக்கும்போது ஒன்று மட்டும் பூத்து நிற்பதை.

எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இதே காட்சியை வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் பார்த்தால் என்ன, வயலில் கூலிக்கு நிற்பவர் பார்த்தால் என்ன? மார்கழி அடைமழை விதைத்தவருக்கு ஒன்று, கூரை ஒழுகும் வீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு இன்னொன்று, தோணியை இழுத்து வைத்துவிட்டுக் கடன் கணக்குப் பார்ப்பவருக்கு வேறொன்று.

ஐந்தாம் படி: நிலமே மாறும் இடத்தைக் கண்டுகொள்ளல்

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது சொல்லப்படுகிறது. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, தம் நல்லியல்பை இழந்து, நடுங்கும் துயரம் தரும்போது பாலை என்ற வடிவத்தைக் கொள்கின்றன. பாலை ஓர் இடமல்ல, ஓர் இடத்துக்கு நேர்வது என்ற இந்தக் கருத்து இன்றைக்கு எழுதுபவருக்கு வேறெதையும் விடப் பயன்படும். வீடு விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது வளவுக்குள் காடு ஏறியிருந்த ஊர்கள் இந்த மாவட்டங்களில் உண்டு. அந்தக் காடு முல்லை அல்ல. மரம் தளிர்த்துக் கொடி படர்ந்து பசுமையாக இருந்தாலும் அது பாலைதான், ஏனெனில் அது வளர்ந்து நிற்பது ஓர் அடுப்படியின் மேல்.

ஊர்ப் பெயர்களையும் இந்தப் படியில் பயன்படுத்தலாம். நாவற்குடா, தாழங்குடா, புளியந்தீவு, மகிழூர், இலுப்பையடிச்சேனை, ஆலையடிவேம்பு என்று மரத்தின் பெயரால் நிற்கும் ஊர்கள் இங்கே ஏராளம். பெயரில் உள்ள மரம் ஊரில் இருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குள் ஒரு கவிதை இருக்கும்.

ஆறாம் படி: எழுதித் திருத்தல்

கவிதைப் பட்டறைகளில் நான் கொடுக்கும் ஒரு பயிற்சியை இங்கே முழுதாகக் காட்டுகிறேன். பொருள் எளியது: வெளிநாட்டு வேலைக்குப் போன மகளைப் பற்றி ஒரு தாய் நினைப்பது. நானே வேண்டுமென்று மோசமாக எழுதிக் கொடுக்கும் முதல் வடிவம் இது.

வசந்தம் தேடிய பறவை போல
பறந்து சென்றாய் மகளே
என் இதய வாவியில்
கண்ணீர் அலைகள் பொங்குகின்றன
காலம் எல்லாம் மாற்றும்

இதில் பார்த்து எழுதிய சொல் ஒன்று கூட இல்லை. வசந்தம் எந்த மாதம் என்ற பெரியப்பாவின் கேள்விக்கு முதல் வரியே தோற்றுவிடும். பறவைக்குப் பெயர் இல்லை. வாவி இருக்கிறது, ஆனால் இதயத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எந்த ஊர் வாவியாகவும் இருக்கக்கூடியதாக. வாவியில் அலைகள் பொங்குவதும் அரிது, பொங்குவது கடல். கடைசி வரி அறிவுரை. எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை போவதும் வருவதும் திரும்பும் வகை மாற்றம். இந்தத் தாயின் பயமோ, போகும் மகள் அதே மகளாகத் திரும்பமாட்டாள் என்பது.

அப்படியானால் எதை எடுப்பது? நான் முகத்துவாரத்தை எடுத்தேன். மணல் மேடு மறுபடியும் கட்டும் என்றாலும், வெட்டிவிட்ட நீர் திரும்பி வராது. மழைக்காலத்தில் வாவி நிறைந்து வயலுக்குள் நீர் ஏறும்போது மணல் மேட்டை வெட்டிவிடுவார்கள். அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: முழு வாயையும் மனிதர் வெட்ட வேண்டியதில்லை. நீர் ஓட ஒரு வழி கிடைத்தால் போதும். மணலை அரித்து அரித்து நீரே வாயை அகலமாக்கிக்கொள்ளும். தொடங்கி வைத்தவர் நினைத்தாலும் அதன் பிறகு அடைக்க முடியாது. வறுமை தாங்காமல் மகளின் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்த தாய்க்கு நேர்ந்ததும் இதுவே. வெட்டியதும் அவள்தான், வெட்டாமல் விட்டிருந்தால் வயல் அழிந்திருக்கும் என்பதும் உண்மை.

மண்வெட்டி அகலம்தான் வெட்டினோம்.
மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது.
மூன்றாம் நாள்
வயல் வரம்பு தெரிந்தது.
கரையில் கட்டியிருந்த தோணி
சேற்றில் சாய்ந்து கிடந்தது.
படிவத்தில் நான் வைத்தது
ஒரே ஒரு கையெழுத்து.

இரண்டாம் வடிவத்தில் உவமை உருபு இல்லை, கண்ணீர் இல்லை. வெட்டினோம், வெட்டிக்கொண்டது, தெரிந்தது, சாய்ந்து கிடந்தது என்று வினைச்சொற்களே மாற்றத்தைச் சுமக்கின்றன. இயற்கைக் குறியீடு பெயர்ச்சொல்லில் அல்ல, வினைச்சொல்லில் குடியிருக்கிறது என்பதை நான் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. பெயர்ச்சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். "சாய்ந்து கிடந்தது" என்று எழுத ஒரு தடவையாவது கரையில் போய் நின்றிருக்க வேண்டும். வயல் வரம்பு தெரிந்ததில் ஆறுதலும், தோணி சாய்ந்ததில் இழப்பும் ஒருசேர இருப்பதால் தாயின் முடிவைச் சரி என்றோ பிழை என்றோ தீர்ப்பிட வேண்டிய தேவையும் இல்லாமற் போகிறது.

கடைசி இரண்டு வரிகளைப் பற்றிப் பட்டறையில் எப்போதும் வாக்குவாதம் வரும். அவை இல்லாவிட்டால் வாசகருக்கு விளங்காது என்பார் பாதிப் பேர். அவை இருந்தால் மூன்றாம் படி வீணாகிவிட்டது என்பார் மற்றவர்கள். நான் இரண்டையும் எடுத்துவிட்டு, கவிதைக்குக் "கையெழுத்து" என்று தலைப்பு வைக்கிறேன். தலைப்பு ஒரு கரையிலும் கவிதை மறு கரையிலும் நிற்கும். நடுவில் உள்ள நீரை வாசகர் கடந்துகொள்வார்.

ஏழாம் படி: தேய்ந்த சொல்லை ஒதுக்குதல், தெரிந்தவரிடம் வாசித்தல்

மட்டக்களப்பைக் குறிக்கும் "மீன் பாடும் தேன்நாடு" என்ற தொடரை ஓர் ஆண்டுக்குத் தொடாதீர்கள். அந்தத் தொடர்மேல் எனக்குப் பகையில்லை. நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் இருந்து, துடுப்பை நீரில் வைத்து அதன் மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்டால் வாவிக்குள்ளிருந்து ஓர் ஓசை வரும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அது மீனா, ஓட்டு உயிரான ஊரியா என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. துடுப்பின் மரம் காதில் பட்ட குளிர்ச்சியை எழுதினால் அது கவிதை. தேன்நாடு என்று எழுதினால் அது வரவேற்புப் பலகை.

எழுதி முடித்ததைக் கவிஞர்களிடம் காட்டுவதற்கு முன் அந்தப் பொருளோடு நாளும் பழகுபவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கருத்துக் கேட்க வேண்டாம். பிழை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மேலே தந்த கவிதையை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும், வாவியில் வலை போடும் மாமா ஒருவருக்கு வாசித்தேன். மகளைப் பற்றிய கவிதை என்பதை நான் சொல்லவில்லை. தோணி வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "தண்ணி வத்தினா கயிறு இறுகிப் போயிருக்குமே மனே, அத எழுதல்லியா?" என்றார். நீர் உயரத்தில் நிற்கும்போது கம்பில் கட்டிய தோணி, நீர் இறங்க இறங்கத் தானும் இறங்கும், கட்டு இறங்காது. அவிழ்க்க முடியாத அளவுக்கு முடிச்சு இறுகிவிடும், சில வேளை கயிற்றை வெட்ட வேண்டி வரும் என்று விளக்கினார். அன்றிரவு அந்த இரண்டு வரிகளையும் மாற்றினேன்.

கம்பில் கட்டிய கயிறு இறுகி
தோணி சேற்றில் சாய்ந்து கிடந்தது.